அறுவைக்குப் பின் ஓர் அமானிதம்

ஹிஜ்ரி 5ஆம் ஆண்டில் (கி.பி. 627) நடைபெற்ற அகழ்ப்போரின்போது, அவ்ஸ் குலத் தலைவரான ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களின் கையில் அம்பு தைத்து இரத்தக் குழாய் அறுபட்டது. அருகிலிருந்தே அவரை நலம் விசாரிக்க வேண்டும் என்பதற்காக, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பள்ளிவாசலிலேயே அவருக்கு ஒரு கூடாரம் அமைக்கச் செய்தார்கள் என்று ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. காயம்பட்டோருக்கு மருத்துவம் செய்துவந்த ருஃபைதா (ரலி) என்னும் பெண்மணியிடம் அவர் ஒப்படைக்கப்பட்டார். அவ்வழியே செல்லுந்தோறும் அண்ணலார் மாலையிலும் காலையிலும் அவருடைய நிலையைக் கேட்டறிந்தார்கள் என்பது இமாம் புகாரீ (ரஹ்) அவர்களின் 'அல்அதபுல் முஃப்ரத்' தொகுப்பில் பதிவாகியுள்ளது. ஆறத் தொடங்கியிருந்த அக்காயம் பின்னர் மீண்டும் வாய்திறந்து குருதி பெருகியது. அதனாலேயே ஸஅத் (ரலி) அவர்கள் உயிர் நீத்தார்கள்.

இந்நிகழ்ச்சியைப் பெண்களின் மருத்துவத் தொண்டுக்குச் சான்றாக எடுத்துக்காட்டுவது நம்மிடையே வழக்கம். அது சரியே. ஆயினும் இதில் வேறு இரண்டு செய்திகளும் அடங்கியுள்ளன. காயம்பட்டவர் பொறுப்பானவர்களின் கண் எட்டும் தொலைவில் வைக்கப்பட்டார் என்பது ஒன்று. அவரைப் பற்றிய விசாரிப்பு நாள்தோறும் தவறாமல் நடந்தது என்பது மற்றொன்று. ஆறிவிட்டதாகத் தோன்றும் காயமும் திறந்துகொள்ளக்கூடும் என்பதை அந்நிகழ்ச்சியின் முடிவே நமக்கு உணர்த்துகிறது.

அறுவைச் சிகிச்சை ஒரு மணி நேரத்திலோ சில மணி நேரத்திலோ முடிந்துவிடுகிறது. காயம் ஆறுவதற்கு வாரங்கள் ஆகின்றன. அந்த வாரங்களில் அறுவை மருத்துவர் நோயாளியின் அருகே இருப்பதில்லை. அவர் எழுதிக் கொடுத்த உத்தரவு மட்டுமே இருக்கிறது. அதை நிறைவேற்றுபவர் வேறொருவர். நோயாளி முதியவராக, தம் காயத்தைத் தாமே பார்க்கவோ வலியை எடுத்துச் சொல்லவோ இயலாதவராக, ஒரு பராமரிப்பு இல்லத்தில் இருப்பவராக இருந்தால் அந்த வேறொருவரின் கையிலேயே அவருடைய உயிர் இருக்கிறது என்று சொல்வது மிகையாகாது. மருத்துவர் எழுதியது மருத்துவர் இல்லாத வேளையிலும் நடைபெற வேண்டும் என்னும் ஏற்பாடு வரலாற்றில் எவ்வாறு உருவானது, அதில் முஸ்லிம் சமுதாயத்தின் பங்கு யாது, இன்று அது எந்நிலையில் இருக்கிறது என்பவற்றையே இக்கட்டுரையில் காண முற்படுகிறோம்.

ஒரு சொல் விளக்கம் இங்குத் தேவைப்படுகிறது. நம் நாட்டில் 'நர்சிங் ஹோம்' என்றால் தனியார் நடத்தும் சிறு மருத்துவமனை என்றே பொருள். அமெரிக்கா முதலிய நாடுகளில் அச்சொல், முதியோரும் நாட்பட்ட நோயாளிகளும் தங்கி, செவிலியரின் பராமரிப்பைப் பெறும் இல்லத்தைக் குறிக்கிறது. இடுப்பெலும்பு முறிந்து அறுவை செய்துகொண்ட முதியவர் ஒருவர், மருத்துவமனையில் சில நாட்களே இருந்துவிட்டு இத்தகைய இல்லத்துக்கு மாற்றப்படுவது அங்கே வழக்கம். இக்கட்டுரையில் 'பராமரிப்பு இல்லம்' என்று நாம் குறிப்பிடுவது இதனையே.

குர்துபாவின் எச்சரிக்கை

அறுவை மருத்துவத்தைத் தனிக் கலையாக எழுத்தில் வகுத்தளித்தவர்களுள் தலையாயவர் அந்தலூஸ் நாட்டின் அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவீ ஆவார். குர்துபாவுக்கு அருகிலிருந்த மதீனத்துஸ் ஸஹ்ரா நகரைச் சார்ந்த இவர் கி.பி. 1013ஆம் ஆண்டு வாக்கில் காலமானார். 'கிதாபுத் தஸ்ரீஃப்' என்னும் இவரது பெருநூல் 30 பகுதிகளைக் கொண்டது. அதன் இறுதிப் பகுதி முழுவதும் சூடிடுதல், அறுத்தல், எலும்பு பொருத்துதல் ஆகிய மூன்றையும் விவரிப்பது. ஏறத்தாழ 200 கருவிகளின் படங்கள் அதில் இடம்பெற்றுள்ளன. 12ஆம் நூற்றாண்டில் தொலைதோ நகரில் கிரிமோனாவின் ஜெரார்டு அதனை இலத்தீனில் பெயர்த்த பின்னர், ஐரோப்பிய அறுவை மருத்துவர்கள் பல நூற்றாண்டுகள் அதனைப் பயின்றனர்.

அப்பகுதியின் முன்னுரையில் அஸ்ஸஹ்ராவீ தம் காலத்து மருத்துவர்களின் பிழைகள் சிலவற்றை எடுத்துரைக்கிறார். அவற்றுள் ஒன்று முதியவர் ஒருவரைப் பற்றியது. அவருடைய சிறுநீர்ப்பையில் பெரிய கல் இருந்தது. கல்லின் அளவையும் நோயாளியின் நிலைமையையும் கண்ட அஸ்ஸஹ்ராவீ, அறுத்தால் அவர் பிழைக்கமாட்டார் என்று முன்னரே கணித்திருந்தார். வேறொரு மருத்துவர் துணிந்து அறுத்தார். கல்லோடு பையின் ஒரு பகுதியும் வெளியே வந்தது. மூன்று நாட்களுக்குள் முதியவர் இறந்தார். முதிர்ந்த உடலில் கத்தி வைப்பதன் பொறுப்பு வேறு வகையானது என்பதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அவர் இவ்வாறு பதிந்துவைத்தார்.

அந்நூலில் நம் கருத்தைக் கவர்வது, அறுவைக்குப் பின் செய்ய வேண்டியவற்றை அவர் உத்தரவு வடிவில் எழுதியிருக்கும் முறையாகும். முறிந்த எலும்புக்குக் கட்டுப் போட்டபின், வலியோ அரிப்போ வீக்கமோ தோன்றாதவரை அதை நாட்கணக்கில் கலைக்கலாகாது. அவற்றுள் ஏதேனும் ஒன்று தோன்றினால் தாமதியாமல் அவிழ்த்துப் பார்க்க வேண்டும். முறிவோடு காயமும் சேர்ந்திருந்தால், அவ்விடத்தில் கட்டு திறப்புடன் அமைய வேண்டும். சீழ் வெளியேறவும் மருந்து இடவும் அதுவே வழி. எதைச் செய்வது, எத்தனை நாள் செய்வது, எந்த அடையாளம் கண்டால் மாற்றிக்கொள்வது ஆகிய மூன்றும் அவரது உத்தரவில் அடங்கியுள்ளன. இன்றைய மருத்துவமனை ஒன்றிலிருந்து பராமரிப்பு இல்லத்துக்கு அனுப்பப்படும் காயப் பராமரிப்பு உத்தரவிலும் இம்மூன்றுமே அடிப்படை.

திமிஷ்கில் எழுத்தும் செயலும்

உத்தரவு எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அதை நிறைவேற்ற ஓர் அமைப்பு வேண்டும். அவ்வமைப்பைப் பீமாரிஸ்தான்கள் எனப்பட்ட மருத்துவமனைகளில் காண்கிறோம்.

சுல்தான் நூருத்தீன் ஸன்கீ கி.பி. 1154ஆம் ஆண்டில் திமிஷ்கு நகரில் நிறுவிய மருத்துவமனையை, அந்தலூஸ் நாட்டுப் பயணி இப்னு ஜுபைர் 1184இல் நேரில் கண்டு எழுதியுள்ளார். நோயாளிகளின் பெயர்களும் அவர்களுக்குத் தேவையான மருந்து, உணவு ஆகியவற்றின் செலவுகளும் அடங்கிய பதிவேடுகளை அங்கே மேற்பார்வையாளர்கள் வைத்திருந்தனர் என்கிறார் அவர். மருத்துவர்கள் நாள்தோறும் காலையில் வந்து நோயாளிகளைப் பார்வையிட்டு, ஒவ்வொருவருக்கும் ஏற்ற மருந்தையும் உணவையும் ஆயத்தம் செய்யுமாறு கட்டளையிட்டனர் என்பதும் அவருடைய கூற்று.

அதே மருத்துவமனையில் பயின்றவரும், மருத்துவர்களின் வரலாற்றை 'உயூனுல் அன்பா' என்னும் பெயரில் தொகுத்தவருமான இப்னு அபீ உஸைபிஆ (இறப்பு கி.பி. 1270) தரும் செய்தி இன்னும் நுட்பமானது. நூருத்தீன் காலத்தில் அங்குப் பொறுப்பேற்றிருந்த அபுல் மஜ்து இப்னு அபில் ஹகம் என்னும் மருத்துவர் நோயாளிகளைச் சுற்றிப் பார்க்கும்போது, மேற்பார்வையாளர்களும் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்வோரும் அவருடன் இருப்பார்கள். ஒவ்வொரு நோயாளிக்கும் மருந்தென்றும் பராமரிப்பென்றும் அவர் எழுதிய யாவும் காலந்தாழ்த்தாமலும் மெத்தனமின்றியும் நிறைவேற்றப்பட்டன என்று இப்னு அபீ உஸைபிஆ எழுதுகிறார். இப்பணியை முடித்துக்கொண்ட பின்னரே அபுல் மஜ்து கோட்டைக்குச் சென்று பிரமுகர்களைப் பார்த்தார். பின்பு மருத்துவமனைக்குத் திரும்பி மாணவர்களுக்குப் பாடம் நடத்தினார்.

ஒரு மருத்துவரின் புகழைப் பேச வந்த வரலாற்றாசிரியர், அவர் கொடுத்த மருந்தின் மேன்மையை மட்டும் பேசாமல், அவர் எழுதியது தாமதமின்றி நடைபெற்றதையும் புகழுக்குரியதாகப் பதிவு செய்திருக்கிறார். இதனை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். எழுதிய கையும் செய்த கையும் வேறுவேறாக இருந்தும், இரண்டுக்கும் இடையே இடைவெளி விழாமல் இருந்ததையே அவர் சிறப்பாகக் கருதினார். உத்தரவு இடப்படும்போதே அதை நிறைவேற்றுவோரும் உடனிருந்தனர் என்பதே அதற்குக் காரணமாக இருந்திருக்கலாம்.

பணிவிடை செய்வோரின் கடமையைப் பற்றிய சிந்தனை இதற்கும் முற்பட்டது. இஸ்ஹாக் இப்னு அலீ அர்ருஹாவீ 9ஆம் நூற்றாண்டளவில் எழுதிய 'அதபுத் தபீப்' என்னும் மருத்துவ ஒழுக்க நூலில், நோயாளிக்கும் அவருக்குப் பணிவிடை செய்வோருக்கும் மருத்துவர் கூற வேண்டிய அறிவுரைகளுக்கென்றே ஓர் இயல் உண்டு. மருத்துவர் நோயாளியிடமும் பணிவிடையாளரிடமும் கேட்டறிய வேண்டியவை பற்றித் தனி இயல் உள்ளது. இரவில் நோயாளியோடு இருந்தவர் கண்டதை மருத்துவர் காண முடியாது. ஆகவே பணிவிடையாளர் மருத்துவரின் கையாக மட்டுமன்றிக் கண்ணாகவும் விளங்க வேண்டியவர் என்பது இவ்வமைப்பின் உட்பொருள்.

முஹ்தஸிபின் தராசு

எழுதப்பட்டது, செய்யப்பட்டது ஆகிய இரண்டோடு மூன்றாவதாக ஒன்று தேவை. அது சரிபார்க்கும் கண். மருத்துவம் அறியாமல் மருத்துவம் செய்து தீங்கு விளைவிப்பவர் அதற்கு ஈடு செய்யக் கடமைப்பட்டவர் என்னும் கருத்தமைந்த நபிமொழி அபூதாவூது தொகுப்பில் உள்ளது. ஃபிக்ஹு அறிஞர்கள் இதன் அடிப்படையில் மருத்துவரின் பொறுப்பை விரிவாக ஆராய்ந்துள்ளனர். கடைத்தெருவையும் தொழில்களையும் கண்காணித்த முஹ்தஸிப் என்னும் அலுவலருக்காக எழுதப்பட்ட கையேடுகளிலும் அப்பொறுப்பு இடம்பெற்றது.

12ஆம் நூற்றாண்டில் அஷ்ஷைஸரீ இயற்றிய 'நிஹாயத்துர் ருத்பா' இவற்றுள் புகழ்பெற்றது. அது விதிக்கும் நடைமுறை பின்வருமாறு. மருத்துவர் நோயாளியைக் கண்டதும் நோயின் காரணத்தையும் வலியையும் கேட்டறிந்து, கொடுக்க வேண்டிய மருந்தை முடிவு செய்ய வேண்டும். பின்னர் அதனை எழுதி, அங்கிருப்போர் சாட்சியாக, ஒரு படியை நோயாளியின் உறவினரிடம் தர வேண்டும். மறுநாள் மீண்டும் பார்த்து, நிலைக்கேற்ப மீண்டும் எழுதித் தர வேண்டும். நோயாளி குணமடையும் வரையோ இறக்கும் வரையோ இது தொடர வேண்டும். இறந்துவிட்டால் உறவினர்கள் அப்படிகளை ஊரின் தலைமை மருத்துவரிடம் கொண்டுசென்று காட்டலாம். எழுதியவற்றில் குறையோ கவனக்குறைவோ இல்லை என்று கண்டால் அவர் அவ்வாறே அறிவிப்பார். இருப்பதாகக் கண்டால், அம்மருத்துவரிடமிருந்து உயிரீட்டுத் தொகையைப் பெறுமாறு சொல்வார். அறுவை மருத்துவர்கள் காயங்களையும் களிம்புகளையும் பற்றிய காலெனின் நூலையும் உடற்கூற்றையும் அறிந்திருக்க வேண்டும் என்பதும் அக்கையேட்டின் நிபந்தனை.

இவை ஒழுங்கு கற்பிக்கும் நூல்கள். ஒவ்வோர் ஊரிலும் ஒவ்வொரு நாளும் இவ்வாறே நடந்தது என்பதற்கு இவற்றைச் சான்றாகக் கொள்ள முடியாது. ஆயினும் நோயாளியின் குடும்பத்தார் கையில் எழுத்துப் படி இருக்க வேண்டும், அதை மற்றொரு வல்லுநர் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்னும் எண்ணம் அச்சமுதாயத்தில் வேரூன்றியிருந்தது என்பதை இவை ஐயமின்றிக் காட்டுகின்றன. கடனைக் கூட எழுதி, சாட்சி வைக்குமாறு திருக்குர்ஆனால் பணிக்கப்பட்ட சமுதாயம், உயிரைப் பற்றிய ஒப்பந்தத்தையும் எழுத்தில் வைக்க முனைந்தது இயல்பே.

கெய்ரோவின் வக்ஃபு

திமிஷ்கில் தளபதியாக இருந்தபோது கடும் வயிற்று நோய்க்கு ஆளாகி, நூருத்தீனின் மருத்துவமனையிலிருந்து வந்த மருந்துகளால் குணமடைந்த கலாவூன், தாம் ஆட்சிக்கு வந்தால் அத்தகைய மருத்துவமனை ஒன்றைக் கட்டுவதாக நேர்ந்துகொண்டார் என்று வரலாற்றாசிரியர் மக்ரீஸீ கூறுகிறார். ஹிஜ்ரி 683இல் (கி.பி. 1284) கெய்ரோவில் எழுந்த மன்ஸூரீ மருத்துவமனை அந்நேர்ச்சையின் பயனாகும். காய்ச்சல், கண் நோய், வயிற்றுப்போக்கு, அறுவைச் சிகிச்சை ஆகியவற்றுக்கு அங்கே தனித்தனிப் பகுதிகள் இருந்தன. பெண்களுக்கெனத் தனிப் பகுதி இருந்தது. அவர்களுக்குப் பணிவிடை செய்யப் பெண்களே அமர்த்தப்பட்டனர்.

அதன் வக்ஃபு ஆவணம் செல்வர், வறியவர் என்னும் வேறுபாடின்றி யாவரையும் ஏற்றுக்கொள்ளுமாறு பணித்தது. நோயாளிகளின் ஆடைகளைத் துவைப்பதற்கும் இடத்தைத் தூய்மை செய்வதற்கும் அவர்களுடைய தேவைகளைக் கவனிப்பதற்கும் ஆட்களை நியமித்து ஊதியம் வழங்க அது வழிசெய்தது. குணமடைந்து வெளியேறுவோருக்கு உதவிப்பொருளும் ஆடையும் அளிக்கப்பட்டன. எழுந்து நடக்கத் தொடங்கியவரை வயிற்றுப்பாடு உடனே வேலைக்குத் துரத்தினால் ஆறாத உடல் மீண்டும் விழும் என்பதை அறிந்தோரின் ஏற்பாடு இது. காயம் பேணுவதற்குச் சொல்லும் அன்பும் மட்டும் போதா. துவைத்த துணியும் கூலி பெறும் கையும் நிலையான வருவாயும் வேண்டும். வக்ஃபு அவற்றுக்கு உத்தரவாதம் அளித்தது.

அவர்கள் அறியாதது

முன்னோரின் புகழைப் பாடுவதோடு நின்றுவிட்டால் இக்கட்டுரை அரைகுறையாகிவிடும். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களே காயத்தைச் சீழ்பிடிக்கச் செய்கின்றன என்பதை அஸ்ஸஹ்ராவீயோ அபுல் மஜ்தோ அறிந்திருக்கவில்லை. காலெனின் வழிவந்த மருத்துவம் அதற்கு வேறு விளக்கம் கூறியது. அதன் களிம்புகள் சில பயனளித்தன, சில பயனற்றவை.

வியன்னாவில் இக்னாஸ் செம்மல்வைஸ் 1847இல் மருத்துவர்களைக் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவச் செய்தபோது, பிரசவ வார்டில் மரணங்கள் பெரிதும் குறைந்தன. ஜோசப் லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தால் காயங்களைப் பேணிய தம் முறையை 1867இல் வெளியிட்டார். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில், கிரீமியப் போரின்போது 1854 நவம்பரில், இஸ்தன்பூலின் உஸ்குதார் பகுதியில் உள்ள ஸலீமிய்யா படைவீட்டு மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தார் பிளாரன்ஸ் நைட்டிங்கேல். காயத்தால் இறந்தோரைவிடத் தொற்றுநோயால் இறந்தோரே மிகுதி என்பதைப் புள்ளிவிவரங்களால் அவர் பின்னர் நிறுவினார். செவிலியப் பணி பற்றி அவர் 1859இல் எழுதி வெளியிட்ட சிறு நூலில் நிருவாகத்துக்கென ஓர் இயல் உண்டு. தாம் இருக்கும்போது செய்வது தாம் இல்லாதபோதும் நடைபெறும்படி ஏற்பாடு செய்யத் தெரியாவிட்டால், மற்றெல்லாத் திறமையும் வீண் என்பது அவ்வியலின் சாரம். திமிஷ்கைப் பற்றி இப்னு அபீ உஸைபிஆ எழுதியதும் உஸ்குதாரின் அனுபவத்திலிருந்து நைட்டிங்கேல் எழுதியதும் ஒரே புள்ளியில் சந்திப்பதைக் காண்கிறோம்.

காயத்தைப் பற்றிய அறிவு அதன்பின்னும் மாறிக்கொண்டே வந்துள்ளது. காயத்தைத் திறந்துவைத்துக் காற்றுப் படவிட்டால் விரைவில் காயும் என்பது நம் வீடுகளில் இன்றும் நிலவும் நம்பிக்கை. பன்றிகளின் தோலில் ஆய்வு செய்த ஜார்ஜ் விண்டர், மூடி ஈரப்பதத்தோடு வைக்கப்பட்ட காயத்தில் புதுத்தோல் ஏறத்தாழ இருமடங்கு விரைவாகப் படர்கிறது என்பதை 1962இல் வெளியிட்டார். இன்றைய கட்டு வகைகள் பலவற்றுக்கு இக்கண்டுபிடிப்பே அடித்தளம். தையல் இட்டு மூடிய அறுவைக் காயத்தை முதல் 24 முதல் 48 மணி நேரம் வரை தூய கட்டால் காக்க வேண்டும், கட்டு மாற்றுவதற்கு முன்னும் பின்னும் கை கழுவ வேண்டும், நோயாளிக்கும் குடும்பத்தாருக்கும் காயம் பேணும் முறையைக் கற்பிக்க வேண்டும் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1999இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறியது.

ஆகவே, கட்டு மாற்றும் கைக்குரியவர் தம் பழக்கத்தையும் அனுபவத்தையும் மட்டும் நம்பி உத்தரவை மாற்றிக்கொள்வது ஆபத்தானது. காப்பித்தூள், மஞ்சள்தூள் என்று நம் வீடுகளில் காயத்தின்மேல் இடப்படுபவை நல்லெண்ணத்தோடு இடப்படுபவைதாம். அறுவைக் காயத்துக்கு அந்த நல்லெண்ணம் மருந்தாகாது.

பராமரிப்பு இல்லத்தின் காலம்

முதியோர் பராமரிப்பு இல்லங்கள் பெருகிய நாடுகளில் அவற்றின் குறைகளும் பெருகின. அமெரிக்காவில் 1986ஆம் ஆண்டு மருத்துவ நிறுவனம் எனப்படும் அறிஞர் அமைப்பு வெளியிட்ட ஆய்வறிக்கை, அவ்வில்லங்களில் பராமரிப்பின் தரம் உயர வேண்டிய தேவையை எடுத்துரைத்தது. மறு ஆண்டே, 1987இல், பராமரிப்பு இல்லச் சீர்திருத்தச் சட்டம் நிறைவேறியது. இல்லவாசி ஒவ்வொருவரின் நிலையையும் மதிப்பிட்டு அவருக்கெனப் பராமரிப்புத் திட்டம் எழுதப்பட வேண்டும் என்பதும், படுக்கைப் புண் இல்லாமல் வந்தவருக்குத் தவிர்க்க முடியாத நிலையிலன்றி அது உண்டாகக் கூடாது என்பதும் அச்சட்டத்தின் வழிவந்த விதிகளாகும். 2016இல் திருத்தப்பட்ட விதிகள், மருத்துவரின் உத்தரவுகளை உள்ளடக்கிய முதற்கட்டத் திட்டம் ஒன்றை, இல்லத்தில் சேர்ந்த 48 மணி நேரத்துக்குள் ஆயத்தம் செய்யப் பணித்தன.

இந்த 48 மணி நேரத்துக்குத் தனிப் பொருள் உண்டு. மருத்துவமனையிலிருந்து இல்லத்துக்கு மாற்றப்படும் வேளையில்தான் உத்தரவு தவறிப்போகும் வாய்ப்பு மிகுதி. அறுவை மருத்துவர் ஒன்று எழுதியிருப்பார். அனுப்பும் தாளில் அது விடுபட்டிருக்கும். அல்லது தாளில் இருக்கும். இரவில் வந்த நோயாளியின் தாளைக் காலைப் பணியாளர் படித்திருக்கமாட்டார். நல்ல உத்தரவு ஒன்றில் காயம் எங்கே உள்ளது, எதனால் கழுவுவது, எவ்வகைக் கட்டு இடுவது, எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றுவது, தையலை எந்நாளில் பிரிப்பது, நனையலாமா, எந்தப் பக்கம் படுக்கலாகாது, எந்த அடையாளம் கண்டால் மருத்துவரை அழைப்பது என்பன யாவும் இருக்க வேண்டும். இவற்றுள் ஒன்று இல்லையென்றால், ஊகித்துக்கொள்வது செவிலியரின் வேலையன்று, கேட்டறிவதே வேலை.

முதியவரின் உடல் இதில் மேலும் ஒரு சோதனையை வைக்கிறது. காயத்தைச் சுற்றிச் சிவப்புப் பரவுதல், சூடு, வீக்கம், துர்நாற்றம், சீழ், தையல் விலகுதல் ஆகியவை எல்லோரும் அறிந்த அபாய அடையாளங்கள். இளையோருக்குத் தொற்று ஏற்பட்டால் காய்ச்சல் அடித்து அறிவித்துவிடும். முதியோரிடம் காய்ச்சல் தோன்றாமலே தொற்று முற்றிவிடக்கூடும். நேற்றுவரை பேரப்பிள்ளைகளின் பெயரைச் சரியாகச் சொன்ன பாட்டி இன்று தடுமாறுவதும், உண்ண மறுப்பதும், எழ மறுப்பதுமே முதல் அடையாளமாக இருக்கலாம். இடுப்பில் அறுவை செய்துகொண்டு அசையாமல் படுத்திருப்பவருக்கு, அறுவைக் காயம் நன்றாக ஆறிவரும் வேளையில் குதிகாலில் புதுப் புண் உண்டாகலாம். கட்டை மட்டும் பார்ப்பவர் இவற்றைக் காணமாட்டார். மனிதரைப் பார்ப்பவரே காண்பார். அண்ணலார் காலையும் மாலையும் கேட்டது காயத்தைப் பற்றி அன்று. அந்த மனிதர் எப்படி இருக்கிறார் என்பதையே.

கையொப்பம் என்னும் சாட்சியம்

இன்றைய பராமரிப்பு இல்லங்களில் ஒவ்வொரு கட்டு மாற்றத்துக்கும் ஒரு பதிவு உண்டு. செய்தவர் நாளும் நேரமும் குறித்துத் தம் பெயரெழுத்தை இட வேண்டும். மேலோட்டமாகப் பார்த்தால் இது அலுவலக வழக்கம். உள்ளே நோக்கினால் இது ஒரு ஷஹாதத், அதாவது சாட்சியம். 'இதை நான் செய்தேன்' என்று, பேச இயலாத ஒருவரின் சார்பில் அளிக்கப்படும் சாட்சியம். ஆள் பற்றாக்குறையாலோ களைப்பாலோ கட்டு மாற்றாமலே கையொப்பம் இடப்படும்போது, அடுத்து வருபவர் அந்தப் பொய்யை நம்பித் தம் வேலையைத் தொடங்குகிறார். மருத்துவர் அந்தப் பொய்யை நம்பி அடுத்த உத்தரவை எழுதுகிறார். கட்டுக்கு அடியில் புண் தன் போக்கில் வளர்கிறது. செய்யவில்லை என்று வெறுமையாக விடப்பட்ட கட்டம் தவறைக் காட்டும். நிரப்பப்பட்ட பொய்க் கட்டம் தவறை மறைக்கும். முன்னது திருத்தக்கூடியது. பின்னது அமானித மோசடி.

இதில் பழியைச் செவிலியர் மேல் மட்டும் சுமத்துவது நீதியன்று. ஒருவரால் பார்க்கக்கூடிய நோயாளிகளின் எண்ணிக்கைக்கு எல்லை உண்டு. மன்ஸூரீ மருத்துவமனையின் வக்ஃபு, பணியாளருக்கு நிலையான ஊதியத்தை முதலில் உறுதி செய்தது என்பதை இல்லங்களை நடத்துவோர் நினைவிற் கொள்ள வேண்டும்.

நம் சமுதாயத்தில் பெரியோர் பெரும்பாலும் வீட்டிலேயே பேணப்படுகின்றனர். ஆனால் பிள்ளைகள் வளைகுடாவிலும் மேலை நாடுகளிலும் வாழ, தாய் தந்தையர் கூலிக்கு அமர்த்தப்பட்ட பணியாளரின் பொறுப்பில் இருப்பது இன்று புதிதன்று. மேலை நாடுகளில் குடியேறிய நம்மவர் சிலர் தம் பெற்றோரை அங்குள்ள இல்லங்களில் சேர்க்க நேர்கிறது. எங்கிருந்தாலும், அஷ்ஷைஸரீ வகுத்த அந்தப் படி நம் கையில் இருக்க வேண்டும். அறுவைக்குப் பின் மருத்துவமனையை விட்டு வெளியேறும் நாளில், காயப் பராமரிப்பு உத்தரவை எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். அதைப் பேணுபவரிடம் படித்துக்காட்டி, புரிந்ததா என்று கேட்க வேண்டும். தொலைபேசியில் நலம் விசாரிக்கும்போது, கட்டு மாற்றினார்களா, காயம் எப்படி இருக்கிறது, நேற்றைக்கு இன்று என்ன வேறுபாடு என்று கேட்பது சந்தேகப் புத்தியன்று; அது பிள்ளைகளின் கடமை.

மார்க்கப் பற்றுள்ள நம் முதியோரிடம் காணப்படும் மற்றொரு நிலையையும் குறிப்பிடுவது அவசியம். உளூச் செய்வதற்காகக் கட்டை நனைப்பதும், யாரும் பார்க்காத வேளையில் அவிழ்ப்பதும் அவர்களிடம் உண்டு. நோயாளியிடம் இதைக் கண்டிப்பாகத் தடுத்தால் அவர் மனம் புண்படும். தடுக்காவிட்டால் உடல் புண்படும். இதற்கு ஃபிக்ஹு நூல்களே வழிகாட்டியுள்ளன. கட்டின் மீது ஈரக்கையால் மஸ்ஹு செய்யும் சலுகையை அவை அளிக்கின்றன. ஹனஃபீ மத்ஹபில் மஸ்ஹு போதுமானது. ஷாஃபிஈ மத்ஹபில் நலமான பகுதியைக் கழுவி, கட்டின் மீது மஸ்ஹு செய்வதோடு தயம்மும் சேர்த்துச் செய்ய வேண்டும். அறுவைக்கு முன்பே ஓர் ஆலிமிடம் கேட்டு முதியவருக்கு இதை விளக்கிவிட்டால், மருத்துவரின் உத்தரவும் மார்க்கத்தின் கட்டளையும் அவர் மனத்தில் மோதிக்கொள்ளாது. முதிய பெண்களுக்குக் கட்டு மாற்றப் பெண் செவிலியரை ஏற்பாடு செய்வதும், மறைப்புத் திரை இடுவதும் இதே வகையைச் சார்ந்தவை. நாணத்தால் கட்டு மாற்ற மறுத்து, வலியை மறைத்துக்கொள்ளும் மூதாட்டியர் பலர்.

திமிஷ்கின் நூரிய்யா மருத்துவமனைக் கட்டடம் இன்றும் நிற்கிறது. அரபு மருத்துவ வரலாற்றின் அருங்காட்சியகமாக 1978இல் அது திறக்கப்பட்டது. அபுல் மஜ்து பாடம் நடத்திய மண்டபத்தைக் காணச் செல்வோர், அவர் எழுதித் தந்த மருந்துகளுள் பெரும்பாலானவற்றை இன்று எவரும் பயன்படுத்துவதில்லை என்பதை அறிவார்கள். மருந்து மாறிவிட்டது, கட்டு மாறிவிட்டது, கருவிகள் மாறிவிட்டன. எழுதியது காலந்தாழ்த்தாமல், மெத்தனமின்றி, நோயாளியிடம் போய்ச் சேர வேண்டும் என்பது மட்டும் மாறவில்லை. கண்ணயர்ந்து கிடக்கும் முதியவர் ஒருவரின் படுக்கையருகே, எவரும் பாராத நள்ளிரவில், கை கழுவிவிட்டுக் கட்டைப் பிரிக்கும் ஒரு செவிலியர் அந்தப் பழைய அமானிதத்தையே சுமந்து நிற்கிறார். அவர் கையொப்பமிடுவதற்கு முன் அதனை நிறைவேற்றிவிட்டாரா என்பதை அறிந்தவன் இறைவன் ஒருவனே. அறிந்துகொள்ள முயல வேண்டியவர்கள் நாம்.